ஒரிஜினல் பில்லை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்

ஊரில் அப்பா ராணுவப் பென்ஷனில் இருக்க, பிள்ளை இங்கே சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் போனது 450 வெள்ளி. அதைவிடப் பெரிய இழப்பு காகிதங்கள்.

அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்தவர். முன்னாள் படைவீரர்களுக்காக இந்தியாவில் 2003இல் தொடங்கிய இசிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தின் கார்டு வைத்திருக்கிறார். ஒரு நள்ளிரவில் நெஞ்சுவலி. கிட்டத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்கு அம்மா தூக்கிக்கொண்டு ஓடினார். அது திட்டத்தின் பட்டியலில் இல்லாத இடம். உயிர் போகிற நேரத்தில் யார் பட்டியல் பார்ப்பார்கள்? நான் சாங்கியில் விமானம் பிடித்துத் திருச்சி போய்ச் சேர்வதற்குள் ஸ்டென்ட் வைத்து முடித்திருந்தார்கள். பில் மூன்று லட்சத்துச் சொச்சம். கைக்காசைப் போட்டுக் கட்டினோம்.

திரும்பி வந்ததும் தேக்காவில் தெரிந்தவர் மூலம் ஒருவர் அறிமுகமானார். "நானும் எக்ஸ் சர்வீஸ்மேன்தான் தம்பி, ரெண்டே மாசத்துல முழுப் பணமும் வாங்கித் தர்றேன்" என்றார். ராணுவக்காரர் என்றதும் அப்பா போனிலேயே உருகிவிட்டார். போனிலேயே பணம் அனுப்பும் பேநவ்வில் 450 வெள்ளி அனுப்பினேன். திரையில் வந்த பெயர் அவர் சொன்ன பெயர் இல்லை. மனைவி பெயராக இருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன் (என் புத்தி அப்படி). ஒரிஜினல் பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஊரிலிருந்து கொரியரில் வரவழைத்து அவர் கையில் கொடுத்தேன். ஜெராக்ஸ்கூட எடுத்து வைக்கவில்லை.

மூன்றாவது வாரம் போன் அணைந்துவிட்டது.

அப்புறம்தான் மச்சானைத் திருச்சி இசிஎச்எஸ் பாலிகிளினிக்குக்கு அனுப்பினேன். அங்கே சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தை அவர்களிடமே கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் அவசரத்துக்குச் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டுமாம். நல்லவேளை, மறுநாளே மாமா சொல்லியிருந்தார். பணமும் சிஜிஎச்எஸ் (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) விகிதப்படிதான் வரும், மருத்துவமனை போட்ட பில்படி வராது. 'முழுப் பணம்' என்ற வார்த்தையிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இப்போது மருத்துவமனையில் நகல் பில்லுக்கு நடக்கிறோம். கூடவே அஃபிடவிட், அவசர சிகிச்சைச் சான்று. இங்கே போலீசில் புகார் கொடுத்துவிட்டேன். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு 10 வெள்ளிக் கட்டணத்தில் போகலாம்தான், ஆனால் யார்மேல் போடுவது? சரியான பெயரும் முகவரியும் இல்லையே. இப்படி யாராவது உங்களை அணுகினால், காசு அனுப்பும் முன் சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேளுங்கள். நான் அழைக்கவில்லை.

கிடைத்த நகல்களை அப்பா தன் பழைய பட்டாளத்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவியை எனக்குக்கூடத் தர மாட்டாராம்.