கிளட்ச் லீக்கா? கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் கால்மிதி மேட்டைத் தூக்கிப் பாருங்கள்

ஒரு நாள் காலையில் கிளட்சை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்த் தரையோடு ஒட்டிக்கொண்டது. கால் நுனியால் மேலே இழுத்து நாலைந்து முறை பம்ப் அடித்தால் கொஞ்சம் பிடிப்பு வரும், கியரும் விழும், அடுத்த சிக்னலில் மறுபடி பழைய கதை. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம்.

ஒர்க்‌ஷாப்பில் பானட்டைத் திறந்தவர் கிளட்ச் ஆயில் குறைந்திருக்கிறது, லீக் என்றார். அடுத்த மூச்சிலேயே "கிளட்ச் செட் போயிடுச்சு சார், கியர்பாக்ஸை இறக்கணும்." பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் கடைசல் என்று எஸ்டிமேட் நீண்டது, தொகையைப் பார்த்துத் தலை சுற்றியது. இன்னோர் இடத்தில் போனில் கேட்டால் அதற்கும் மேலே சொன்னார்கள், சரி இவரே பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டேன்.

எட்டு நாள் நன்றாக ஓடியது. ஒன்பதாம் நாள் பெடல் மறுபடி உள்ளே! திரும்பப் போனால் "அது வேற கம்ப்ளெய்ன்ட் சார்". கழற்றிய பழைய பிளேட்டைக் காட்டுங்கள் என்றேன், அது பழைய இரும்போடு போய்விட்டதாம்.

அப்புறம் வந்த ஒரு வயதான மெக்கானிக் வண்டியைத் தூக்கக்கூட இல்லை, பெடலுக்கு அடியில் இருந்த மேட்டை விலக்கி விரலை வைத்தார். ஈரம். பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய், கிளட்ச் ஆயில் (அது பிரேக் ஆயில்தான், என் வண்டியில் இரண்டுக்கும் ஒரே டப்பா, இதோடு ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது) உள்பக்கமாக வடிந்திருக்கிறது. முதல் ஆள் டப்பாவை நிரப்பி, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து) கொடுத்ததால்தான் அந்த எட்டு நாள். இவர் சிலிண்டரை மாற்றி மதியத்துக்குள் சாவியைக் கொடுத்துவிட்டார்.

பிளேட் தேய்ந்தால் இன்ஜின் உறுமும், வேகம் ஏறாது, ஏற்றத்தில் கருகிய வாடை வரும். என் வண்டி ஒரு நாளும் அப்படித் திணறியதில்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் ஒன்று, சில வண்டிகளில், அந்த ஆயில் அழுத்தத்தை வாங்கி கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டர், இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸ் கூடான பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே இருக்கும், அது கசிந்தால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், இறக்கிய கையோடு பிளேட்டையும் மாற்றச் சொன்னால் அது ஏமாற்று இல்லை. எங்கே கசிகிறது என்று கண்ணால் காட்டச் சொல்லுங்கள், கழற்றும் பழைய பாகங்கள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த சர்வீஸில் தள்ளுபடி தருகிறார்களாம்.