டீத்தூள் பாக்கெட் போட எந்தத் தராசு: தட்டா, மேஜை எலக்ட்ரானிக்கா, தூள் கொட்டும் மெஷினா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் சின்ன அளவில் டீத்தூள் பாக்கெட் போடத் தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, தானாக எடை போட்டுக் கொட்டும் மெஷினை வாங்கிவிடலாமா என்றுதான். முதல் வருஷம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மூன்றிலும் எடை போட்டுப் பார்த்த பிறகு சொல்கிறேன், நல்ல மேஜைத் தராசு ஒன்று, அதைச் சோதிக்க அரசு முத்திரை போட்ட எடைக்கல், இவை இரண்டும் இல்லாமல் மெஷின் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதுதான்.

முதலில் பழைய தட்டுத் தராசு. கரண்டியால் அள்ளிப் போட்டு முள் நேராக நிற்கும்வரை தட்டித் தட்டிச் சரிபார்க்க வேண்டும், 250 கிராம் பாக்கெட் ஒன்றுக்கு அரை நிமிஷம் போய்விடும், சாயங்காலத்துக்குள் தோள் கழன்றுவிடும். வேலைக்கு இது ஆகாது. ஆனாலும் எங்கள் ஷெட்டில் ஒன்று இருக்கிறது. காரணம், இதற்கு கரண்ட் வேண்டாம், குளிர் தெரியாது, மலையில் இருக்கிறோமா சமவெளியில் இருக்கிறோமா என்ற கவலையும் கிடையாது. எலக்ட்ரானிக் தராசின் உள்ளே இருக்கும் லோட் செல் அளப்பது பூமி இழுக்கிற விசையை. குன்னூர் கிட்டத்தட்ட 1850 மீட்டர் உயரம், இங்கே அந்த இழுப்பு கொஞ்சம் குறைவு. கீழே சமவெளியில் சரிசெய்த தராசை அப்படியே மேலே கொண்டுவந்து 10 கிலோ கல்லை வைத்தால் நாலைந்து கிராம் குறைத்துக் காட்டும். தட்டுத் தராசில் இரண்டு பக்கமும் அதே இழுப்பு என்பதால் ஒன்றும் மாறாது. 250 கிராமில் இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லைதான், ஆனால் மூட்டையாக எடை போட்டு வாங்குகிறவர்கள், தராசு வந்து இறங்கிய இடத்திலேயே கல் வைத்துச் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.

அடுத்து மேஜை எலக்ட்ரானிக். 10 கிலோ வரை தாங்குகிற, 1 கிராம் நுணுக்கம் உள்ளது போதும். காலிக் கவரை வைத்து, கவர் எடையைக் கழித்துப் பூஜ்ஜியமாக்கும் டேர் பட்டனை அழுத்தி, அள்ளிப் போட்டு, சீல் அடிக்கக் கொடுத்தால் ஆயிற்று, இரண்டு பேர் பழகிவிட்டால் நன்றாகவே ஓடும். இதன் பலவீனம் குளிர். ஒரு ஐப்பசி மழையில் காலை ஏழு மணிக்கு ஷெட்டைத் திறந்து, தராசைப் போட்ட உடனேயே பூஜ்ஜியம் வைத்து வேலையைத் தொடங்கினோம். உள்ளே சூடு ஏற ஏற பூஜ்ஜியம் மெல்ல நகர்ந்து, திரையில் 250 என்று நிற்கும்போது கவரில் 247தான் இருந்திருக்கிறது. மேட்டுப்பாளையம் கடைக்காரர் ஒருவர் போன் செய்து, "அண்ணே, நாலு பாக்கெட்டையும் போட்டுப் பாத்துட்டேன், எல்லாமே குறையுது" என்றபோது மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. அந்த லாட் முழுவதையும் திரும்ப எடுத்துப் பிரித்தோம். பாக்கெட் பொருள் விதிகளில் 250 கிராமுக்கு 9 கிராம் வரை பிழை அனுமதி இருக்கிறது, அது உண்மை. ஆனால் அது தனித்தனி பாக்கெட்டுக்கு. மொத்தமாக எடுத்துச் சராசரி பார்த்தால் குறையக் கூடாது, அந்த 9 கிராமை நமக்குக் கிடைத்த சலுகையாக நினைப்பது வாங்குகிறவரை ஏமாற்றுவதுதான். இப்போது தராசைப் போட்டு இருபது நிமிஷம் சும்மா விடுகிறோம், அப்புறம்தான் கல். கதவோரத்தில் வைப்பதும் இல்லை, காற்று ஒரு வீச்சு அடித்தால் எண் ஆடும்.

சரி, மெஷின். மேலே தூளைக் கொட்டி வைக்கும் ஹாப்பர், கீழே அதிர்கிற தட்டு, அதற்கும் கீழே தொங்குகிற வாளியில் லோட் செல். முதலில் தூள் மடமடவென்று கொட்டும், குறித்த எடை நெருங்கும்போது அதிர்வு குறைந்து சொட்டுச் சொட்டாக விழும், நிறுத்திய பிறகும் அந்தரத்தில் இருக்கிற கொஞ்சம் வாளியில் விழும் என்பதைக் கணக்கிட்டு அது முன்கூட்டியே நின்றுவிட வேண்டும். இந்தக் கணக்குதான் அதன் உயிர். எஸ்.ஆர்.டி. மாதிரி நைஸ் தூளுக்கு வைத்த கணக்கு பி.ஓ.பி. குருணைக்குச் சரிவராது, ஹாப்பரில் தூள் அடிமட்டத்துக்கு இறங்கினாலும் ஓட்டம் மாறும். தை மாதப் பனியில் காற்று வறண்டு கிடக்கும்போது பிளாஸ்டிக் புனல் முழுக்கத் தூள் ஒட்டிக்கொண்டு, திடீரென்று ஒரு கட்டியாக அடுத்த பாக்கெட்டில் விழும். நாங்கள் புனலை ஸ்டீலுக்கு மாற்றியபின் அந்தத் தொல்லை பெருமளவு போனது. மெஷின் நிற்கும் மேஜையிலேயே சோதனைத் தராசை வைத்துவிடாதீர்கள், அதிர்வில் எண் நிற்கவே நிற்காது.

கப் அளவில் கொட்டும் மெஷினும் உண்டு, விலை குறைவு. அது அளப்பது கொள்ளளவை, எடையை அல்ல. ஒரே ரகத்தை வருஷம் முழுக்கப் போடுகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

மெஷினால் லாபம் வேகத்தில் மட்டும் இல்லை. கையால் போடுகிறவர் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு கிராம் கூடவே போடுவார், ஆயிரம் பாக்கெட்டில் 2 கிலோ, அதாவது எட்டு பாக்கெட் கைவிட்டுப் போகிறது. தினமும் ஐந்நூறுக்கு மேல் போகிறீர்கள் என்றால் மெஷினை யோசிக்கலாம், அதற்குக் கீழே என்றால் அந்தப் பணத்தைத் தூளில் போடுங்கள். முத்திரைச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எலக்ட்ரானிக்குக்கு வருஷா வருஷம், தட்டுத் தராசுக்கும் கல்லுக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை.

மெஷின் பார்க்கப் போகும்போது உங்கள் தூளிலேயே ஐந்து கிலோவும் ஒரு எடைக்கல்லும் கையோடு கொண்டுபோங்கள். அவர்கள் வைத்திருக்கும் சர்க்கரையிலோ ரவையிலோ ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஹாப்பரில் உங்கள் தூளைக் கொட்டி, அது காலியாகும்வரை ஓட்டச் சொல்லி, கடைசி நாலு பாக்கெட்டை வேறு தராசில் போட்டுப் பாருங்கள்.