ஈயக் குண்டா, செம்புக் குண்டா? கையால் தோட்டா நிரப்புவோரின் முதல் கணக்கு

கையால் தோட்டா நிரப்பும் ஒருவரிடம் துல்லியம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேச்சு வெடிமருந்தில்தான் தொடங்கும்: எந்த மருந்து, எத்தனை கிரெயின் (சுமார் 0.065 கிராம் கொண்ட எடை அலகு), இன்னும் அரை கிரெயின் கூட்டினால் என்ன ஆகும். என் கட்சி வேறு. வேட்டை ரைஃபிளில் துளைகள் நெருங்கி விழுவதும் சிதறி விழுவதும் முதலில் குண்டைப் பொறுத்தது. மருந்தின் முறை அதற்குப் பிறகுதான்.

மேசைமேல் மூன்று வகைக் குண்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஈயத்தின்மேல் செம்புக் கலவைத் தோல் போர்த்திய வழக்கமான குண்டு, முழுக்கச் செம்பாலான குண்டு, இலக்குப் போட்டிக்கான மேட்ச் குண்டு.

ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்புக்கு ஏறத்தாழ 9 கிராம். ஆகவே எடை ஒன்றாக இருந்தாலும் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளம் கூடினால் அதை நிலையாகப் பறக்கவைக்க வேகமான சுழற்சி வேண்டும். அந்தச் சுழற்சியைக் கொடுப்பது குழலின் உட்புரி, அதாவது உட்சுவரில் திருகுபோல் வெட்டிய பள்ளங்கள். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற பழைய .308 (0.308 அங்குலக் குண்டுக்கான) குழலில் 180 கிரெயின் ஈயக் குண்டு அமைதியாகப் பறக்கும். அதே எடையுள்ள செம்புக் குண்டு தடுமாறும் எல்லைக்கு அருகில் போய்விடும். பலர் இந்த இடத்தில் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்துத் தோட்டாக்களை வீணாக்குகிறார்கள். எடையை 150 அல்லது 165க்கு இறக்குவதே தீர்வு. விலங்கின் உடலுக்குள் செம்பு தன் எடையைப் பெரும்பாலும் இழக்காமல் செல்வதால், இறக்கியதில் நட்டம் ஒன்றுமில்லை.

ஓர் எச்சரிக்கை. நீளமான செம்புக் குண்டு, மருந்தை வைத்திருக்கும் உலோக உறைக்குள் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். எடை ஒன்றுதானே என்று ஈயக் குண்டுக்கான மருந்தளவை அதற்கு வைக்கக் கூடாது. குண்டை மாற்றினால் அந்தக் குண்டுக்கே உரிய கையேட்டு அளவின் கீழ்வரம்பிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

குண்டை உறைக்குள் எவ்வளவு ஆழத்தில் பொருத்துவது என்பதில் மூன்றுக்கும் மூன்று குணம். ஈயக் குண்டு பொறுமைசாலி. ஆழம் சற்று முன்பின் இருந்தாலும் முகம் சுளிக்காது. செம்புக் குண்டு, புரி தொடங்கும் இடத்துக்கு முன்பாகக் கொஞ்சம் இடைவெளி விட்டால்தான் ஒழுங்காக நடந்துகொள்ளும். கூர்நீள மூக்கு கொண்ட மேட்ச் குண்டுகள் பல, புரியை ஒட்டி நிற்க விரும்பும். அப்படிப் பொருத்தினால் தோட்டா நீண்டு, வேட்டை ரைஃபிளின் மேகசினுக்குள் நுழையாமல் போகலாம். மெல்லிய தோலுள்ள மேட்ச் குண்டு எலும்பில் பட்டுச் சிதறும் அபாயமும் உண்டு. காகிதத்தில் அதுவே அழகாகச் சுடும். ஆனால் மானின் உயிர்நிலைப் பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வட்டம். 100 மீட்டரில் துளைக் கூட்டம் 25 மில்லிமீட்டரா, 15 மில்லிமீட்டரா என்பது அங்கே செல்லாக்காசு.

இனி மருந்து. குச்சி வடிவ மருந்துகளில் சில, வெயிலிலும் பனியிலும் ஏறக்குறைய ஒரே வேகம் தருமாறு தயாரிக்கப்படுகின்றன. உருண்டை மருந்து அளவைக் கருவியில் தண்ணீர்போல் ஓடும்; அளப்பது சுலபம். ஆனால் பழைய வகைகள் வெப்பத்துக்கு ஏற்ப வேகம் மாறும். இது எவ்வளவு முக்கியம்? நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் 15 மீட்டர் கூடியோ குறைந்தோ போனால், 100 மீட்டரில் சுமார் 3 மில்லிமீட்டர், 200 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் மேலோ கீழோ படும். வேட்டைத் தொலைவில் இதற்காக உறக்கம் கெட வேண்டியதில்லை.

தொழிற்சாலைத் தோட்டாவோடு ஒப்பிட்டால்? அது அந்த அளவிலுள்ள எல்லா ரைஃபிள்களிலும் நுழைய வேண்டும். கைத்தோட்டா ஒரே ஒரு ரைஃபிளின் தோட்டா அறைக்குத் தைத்த சட்டை. நல்ல தொழிற்சாலைத் தோட்டாக்கள் இப்போது இந்த இடைவெளியை வெகுவாகக் குறைத்துவிட்டன. மிஞ்சும் ஆதாயம், விரும்பிய குண்டை விரும்பிய ஆழத்தில் பொருத்தும் உரிமைதான். சுட்டு விரிந்த உறையை மீண்டும் நிரப்பும் முன் அதன் கழுத்தை மட்டும் அளவாக்குவதா, முழு உறையையுமா என்ற பழைய சண்டையில் வேட்டைக்காரருக்கு முழு உறையே நல்லது. இறுக்கத்தால் கதவு மூடாத ரைஃபிளில் துல்லியத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

இத்தனைக்கும் ஆதாரமாக மூன்று துளை விழுந்த காகிதத்தை யாராவது நீட்டினால் நம்பாதீர்கள். மூன்று குண்டுகள் நெருங்கி விழுவது தற்செயலாகவும் நடக்கும். அதே தோட்டாவில் பத்து சுட்டால் வட்டம் விரிவதைப் பார்க்கலாம். நான் இரண்டு குண்டு வகைகளை ஒப்பிடும்போது, வகைக்கு ஒரு காகிதம் வைத்து, நாளுக்கு ஒன்றாகக் குளிர்ந்த குழலிலிருந்து சுடுவேன். பத்து நாள் கழித்து எந்தக் காகிதத்தில் துளைகள் நெருக்கமாக இருக்கின்றனவோ, அந்தக் குண்டுதான் காட்டுக்கு வரும்.