கணக்கில் கெட்டியான பிள்ளைக்குக் கல்லூரி தேடுகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

என் மகளுக்குக் கணக்கு என்றால் உயிர். இயற்பியலும் வேதியியலும் சுமார்தான். அவள் பிளஸ் டூ படித்த ஆண்டு, எங்கெங்கே விண்ணப்பிக்கலாம் என்று கேட்க ஒரு கல்வி ஆலோசனை மையத்துக்குப் போனோம். ஜனவரியில் 30,000 ரூபாய் கட்டினோம். "ஆசைக்கு ரெண்டு, நடுவுல நாலு, நிச்சயமா கிடைக்கிறது ரெண்டுன்னு பார்த்துப் போட்டுத் தர்றோம், கவலைப்படாதீங்கம்மா" என்றார் அங்கிருந்தவர்.

வந்த பட்டியலில் 11 பெயர்கள். மேலே ஐஐடி. அதற்குக் கீழே வரிசையாகத் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ். நடுவில் ஒன்றுமே இல்லை. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மே மாதம் அவளுடைய பழைய கணக்கு டீச்சரைப் பஸ்ஸில் பார்த்தோம். "சிஎம்ஐ எக்ஸாம் எழுதுறியாம்மா?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். சிஎம்ஐ என்றால் சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட். சிறுசேரியில் இருக்கிறது; தாம்பரத்தில் இருக்கும் எங்களுக்குப் பக்கம்தான். அங்கே பி.எஸ்சி. கணிதம்-கணினி அறிவியல் படிப்புக்கான நுழைவுத்தேர்வில் கணக்கு மட்டும்தான் கேட்பார்கள். பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பி.மேத். என்ற இளங்கலைக் கணிதப் படிப்புக்கும் அப்படியே, அங்கே மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. பொறியியல் கவுன்சிலிங் கட்-ஆஃபில் 200-க்கு 100 மதிப்பெண் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் போய்விடுகிறது. என் மகளைப் போன்ற பிள்ளைக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டிய இடங்கள் இந்த இரண்டும். இரண்டுக்கும் விண்ணப்பத் தேதி முடிந்திருந்தது.

மையத்தில் போய்க் கேட்டேன். "அதெல்லாம் நாங்க பண்றதில்லை மேடம்" என்றார்கள். அடுத்த வாரமே, பட்டியலில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து போன். எங்கள் நம்பரைக் கொடுத்தது அந்த மையம்தானாம், சீட்டுக்கு உடனே முன்பணம் கட்டச் சொன்னார்கள். பட்டியல் யாருக்காகப் போடப்பட்டது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

தயவுசெய்து கேளுங்கள். இந்தத் தேர்வுகளின் விண்ணப்பங்கள் பிளஸ் டூ பரீட்சை நடக்கிற சமயத்திலேயே வந்து போய்விடும். ஆலோசகர் சொல்வார் என்று காத்திருக்காமல் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களே பாருங்கள். சிஎம்ஐ பழைய வினாத்தாள்களையும் அங்கே இலவசமாகவே போட்டிருக்கிறது.

இப்போது மகள் நகரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறாள். எம்.எஸ்சி.க்காவது சிறுசேரி போக வேண்டும் என்று, ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அந்த வினாத்தாள்களோடு உட்கார்ந்துவிடுகிறாள்.