நல்ல தண்ணீர்க் குழாயா, உப்புத் தண்ணீருக்கு மெஷினா?

சென்னைக்குத் தெற்கே குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து வீடுகளில் வயதானவர்கள் குழாயைக் காட்டும்போது இன்றும் பிரித்துத்தான் சொல்வார்கள்: இது நல்ல தண்ணீர், அது உப்புத் தண்ணீர். தெருக்குழாய் வழியாக வருவது நல்லது, போர்வெல்லில் ஏறுவது உப்பு. அடுக்குமாடிகள் வந்த பிறகு இரண்டையும் தரைக்கடித் தொட்டியான ஒரே சம்ப்பில் விட்டுக் கலந்துவிட்டோம். இப்போது கலந்ததைப் பிரிப்பதற்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து மெஷின் தேடுகிறோம். எங்கள் குடியிருப்பில் இந்த விவாதம் இரண்டு கோடைகளாக நடக்கிறது. சவ்வு வழியாக நீரை வடிகட்டும் ஆர்.ஓ. போதும் என்கிறது ஓர் அணி. மொட்டை மாடியில், நீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் பெரிய சாஃப்ட்னர் வைக்க வேண்டும் என்கிறது இன்னோர் அணி. கேன் வாங்குகிறவர்கள் எதிலும் தலையிடுவதில்லை.

உப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பல்லாவரம் குன்றுகளின் கருங்கல்லுக்குப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல் இந்த வகை என்பதால் அந்தப் பெயர் வந்தது. நம் போர்வெல்கள் பாறைக்குள் இறங்கி இடுக்குகளில் தேங்கிய நீரைத்தான் இழுக்கின்றன. நெடுநாள் தங்கும் நீர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. கூடவே செப்டிக் டாங்குகளின் கசிவு இருக்கிறது. தோல் பதனிடும் தொழிலும் இந்த வட்டாரத்தில் நடந்திருக்கிறது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் ஆலை தந்ததுதான். தோலைக் கெடாமல் வைக்க உப்பில்லாமல் முடியாது.

‘உப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு குறைகளைப் போட்டு வைத்திருக்கிறோம். ஒன்று டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தம். மற்றது கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் மட்டும். இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர் விதியான ஐ.எஸ். 10500 இரண்டுக்கும் தனித்தனி அளவு வைத்திருக்கிறது. கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை போகலாம். டி.டி.எஸ்ஸுக்கு அதே வரிசையில் 500, 2,000. சோப்பு நுரைக்காதது, கீசர் சுருளில் வெள்ளைப் பொருக்கு படிவது, பருப்பு வேகாமல் அடம்பிடிப்பது எல்லாம் கடினத்தன்மையின் வேலை. நாக்கில் கரிப்பது பெரும்பாலும் குளோரைடின் வேலை. இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதி விவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிடிபடாததால்தான் விற்பனையாளர்கள் பிழைக்கிறார்கள். ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் வைத்தார், ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவருடைய ஆர்.ஓ. தண்ணீர். உலோகக் கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை இரண்டிலும் நுழைத்து மின்சாரம் பாய்ச்சினார். எங்கள் தண்ணீர் நிமிடத்தில் சாக்கடை நிறமானது. அவருடையது அப்படியே இருந்தது. என் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல. இரும்புக் கம்பி மின்சாரத்தில் கரைந்து துருவாகப் படிந்த நிறம் அது. உப்பு இருந்தால்தான் மின்சாரம் பாயும், உப்பில்லாத நீரில் பாயாது. அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொன்னேன். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

இனி ஒவ்வொன்றாக எடைபோடலாம்.

ஆர்.ஓ. கடினத்தன்மை, கரிப்பு இரண்டையுமே நீக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் வீட்டு மெஷின் ஒரு லிட்டர் நல்ல நீர் தர ஏறத்தாழ மூன்று லிட்டரைக் கழித்து வெளியே விடுகிறது. போர்வெல் டி.டி.எஸ். 1,500 என்று வைத்துக்கொண்டால் அந்தக் கழிவில் அது 2,000ஐத் தொடும். கழிப்பறைக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். துளசிச் செடிக்கு ஊற்றாதீர்கள், நான் ஊற்றிப் பார்த்துவிட்டேன். டி.டி.எஸ். 500க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019ல் சொன்னதன் காரணம் இந்த விரயம்தான். போர்வெல்லைத் தவிர வேறு நீரே இல்லாத வீட்டுக்கு ஆர்.ஓ. நியாயம். தெருக்குழாய் நீர் வரும் வீட்டுக்கு அது வீண்.

சாஃப்ட்னரின் கதை வேறு. அது உப்பை எடுப்பதில்லை, மாற்றுகிறது. அதற்குள் இருக்கும் ரெசின் என்ற பிசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அதனால் ‘சாஃப்ட்னர் போட்டும் டி.டி.எஸ். மீட்டர் இறங்கவில்லையே’ என்று சண்டைக்குப் போவதில் பொருளில்லை. ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் 46 மில்லிகிராம் சோடியம் நீரில் சேரும். கடினத்தன்மை 600 என்றால் 276. இரத்தக் கொதிப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் இதைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம். குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் கீசருக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. 25 லிட்டர் ரெசின் உள்ள கருவி, 600 கடின நீரில், என் கணக்குப்படி சுமார் 2,000 லிட்டருக்கு ஒருமுறை, ரெசினைக் கழுவிப் புதுப்பிக்க, கிலோக்கணக்கில் உப்பு கேட்கும். எங்கள் குடியிருப்பின் எட்டு வீட்டுக்கு அது அரை நாள் தண்ணீர். அந்த உப்புக் கரைசல் முடிவில் நம் காலடி மண்ணுக்கே போகிறது. சில ஆண்டுகளில் அதே போர்வெல் வழியாக மேலே வரும். காந்தம் கட்டுவது, குழாயில் கம்பி சுற்றுவது போன்றவை கடினத்தன்மையில் ஒரு மில்லிகிராமைக்கூடக் குறைப்பதில்லை.

கேன் வசதியானது, அவ்வளவுதான். அதன் முத்திரை, மூடி, வெயிலில் எத்தனை நாள் நின்றது என்று பார்க்காமல் நாமே வாங்கி வைக்கிறோம். பருப்பையும் அரிசியையும் கேன் தண்ணீரில் வேகவைக்கும் வீடுகள் இருக்கின்றன. அதற்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

மிச்சமிருப்பது தெருக்குழாய். அதை யாரும் மதிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். தாம்பரம் பக்கத்துக்கு நெடுங்காலமாக வரும் பாலாற்றுத் தண்ணீர் ஆற்றுமணலுக்கு அடியிலிருந்து எடுப்பது. ஏரி நீர் அளவுக்கு மென்மை இருக்காது. 2024ல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை நாளுக்கு 15 கோடி லிட்டர் திறனுடன் திறக்கப்பட்ட பிறகு தென்சென்னைப் பகுதிகளுக்குக் கூடுதல் நீர் கிடைக்கிறது. குழாய் நீரில் குளோரின் வாடை அடிக்கிறது என்று முகம் சுளிக்கிறோம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த வாடைதான் காவல். திறந்த பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்தால் போய்விடும். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீர் விட்டு விட்டு வரும் குழாயில் நாம் மோட்டார் போட்டு உறிஞ்சும்போது, விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையும் உள்ளே வரும். இதை டி.டி.எஸ். மீட்டர் காட்டாது. காய்ச்சினால் அதிலுள்ள கிருமிகள் சாகும். காய்ச்சும்போது பாத்திரத்தில் வெண்படலம் படிந்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதியும் இறங்கியது என்று பொருள். மிஞ்சியதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. கடினத்தன்மைக்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நல வரம்பு எதையும் வைக்கவில்லை.

ஆக என் வாக்கு எந்த மெஷினுக்கும் இல்லை, இரண்டாவது குழாய்க்குத்தான். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு, ஆளுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுப்படி, நாளுக்கு 540 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் அதில் முப்பது லிட்டர் தாண்டாது. அந்த முப்பதுக்காக மிச்ச ஐந்நூறையும் சுத்திகரிப்பது அநியாயம். சம்ப்பின் நடுவே ஒரு சுவர், மாடியில் 500 லிட்டர் தொட்டி ஒன்று, சமையலறைக்கு மட்டும் தனிக் குழாய்: கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் கொடுக்கும் கூலி, எட்டு வீடுகள் தனித்தனியே வாங்கும் ஆர்.ஓ.வின் விலையைவிடக் குறைவு. குளியலறைக்கு மட்டும் சாஃப்ட்னர் வைக்க விரும்புகிறவர்கள் வைக்கட்டும். தலைக்குச் சோப்புக்குப் பதில் சீயக்காய் தேய்ப்பவர்களுக்கு அதுவும் தேவையில்லை. சீயக்காயின் நுரை கால்சியத்தோடு சேர்ந்து சோப்பைப் போலத் திரிவதில்லை.

எதை வாங்குவதற்கு முன்னும் தண்ணீரைச் சோதியுங்கள், டி.டி.எஸ். மீட்டரால் அல்ல. கடினத்தன்மைக்குச் சொட்டுச் சோதனைப் பெட்டி கடையில் கிடைக்கிறது. ஒயின் சிவப்பு நீலமாக மாறும் வரை சொட்டுகளை எண்ண வேண்டும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்களில் கட்டணம் கட்டியும் பார்க்கலாம். மே மாதம் ஒருமுறை, மழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை. மழைநீர் சேகரிப்புக் குழி தூர்ந்து போகாமல் இருந்தால் இரண்டு முடிவுகளும் ஒன்றுபோல இருக்காது. எங்கள் குழியில் 2003ல் போட்ட சரளை அப்படியே கிடக்கிறது. அதன் மேல் யாரோ பைக் நிறுத்துகிறார்கள்.