சின்சில்லான்னு சொல்லி முயலை அனுப்பிட்டாங்க, 46,500 ரூபாய் போச்சு: யாரும் ஏமாறாதீங்க

கை இன்னும் நடுங்குது. பார்சல் வந்து ஒன்பது நாளாச்சு. 46,500 ரூபாய். அதுல 8,000 என் மகள் ரெண்டு வருஷமா உண்டியல்ல சேர்த்த பெருநாள் காசு. மாமி தூங்கின பிறகு உக்காந்து இதை எழுதுறேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க, முழுசாப் படிங்க.

எங்களுக்குக் கீழக்கரை. மகளோட வாப்பா துபாய்ல வேலை பார்க்குறாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி அவங்க கூட்டாளி ஒருத்தர் குடும்பத்தோட கனடா போனப்ப, கோயம்புத்தூர்ல அவங்க வளர்த்த சின்சில்லாவைக் கூண்டோட எங்ககிட்ட ஒப்படைச்சுட்டுப் போனாங்க. பேரு பஞ்சு. எலி, அணில் வகைதான். அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் மேல எடை, சாம்பல் நிறம், வட்டமான மெல்லிய காது, அணிலுக்கு இருக்கிற மாதிரி புசுபுசுன்னு வாலு. பகலெல்லாம் தூங்கும், மஃரிபுக்கு அப்புறம்தான் ஆட்டமே ஆரம்பிக்கும்.

இந்த உயிரைக் கடற்கரை ஊர்ல வச்சு வளர்க்கிறது சின்ன வேலை இல்லை. இதோட பூர்வீகம் தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலை. குளிரும் வறண்ட காத்தும் பழகின உடம்பு. ஒரே மயிர்க்காலுல 50 முடிக்கு மேல முளைக்கும், அவ்வளவு அடர்த்தி. வேர்வையும் வராது. 25 டிகிரியைத் தாண்டினாலே அதுக்குக் கஷ்டம், 30ஐத் தொட்டா உயிருக்கே ஆபத்து. காது சிவந்துடுச்சுன்னா உடம்பு சூடாகுதுன்னு அர்த்தம். அதனால பஞ்சுவோட சின்ன ரூமுல வருஷம் முழுக்க ஏசி ஓடும். கரண்ட் பில் வர்ற அன்னைக்கு மகளோட வாப்பா போன்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பெருமூச்சு மட்டும் கேட்கும்.

போன சித்திரையில ஒரு நாள் உச்சி வேளையில மூணு மணி நேரம் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர்ல ஏசி ஓடாது. ஃப்ரீசர்ல தயாரா வச்சிருந்த தண்ணி பாட்டில்களைப் பழைய கைலித் துணியில சுத்திக் கூண்டுக்குள்ள வச்சேன். வீடு கட்டினப்ப மிஞ்சின டைல்ஸ் ஒண்ணை ஃப்ரிட்ஜுல வச்சிருப்போம், அதையும் போட்டேன். பஞ்சு அதுமேல வயித்தை ஒட்டவச்சு நீட்டிப் படுத்துக்கிட்டான். காது ரெண்டும் சிவந்து நரம்பு தெரியுது. பனை ஓலை விசிறியால வீசி வீசி என் தோள் கழண்டே போச்சு. நாலு பாட்டில் மாத்தினேன். கரண்ட் வந்து ஏசி ஓடின பிறகுதான் நான் ஒரு வாய் தண்ணி குடிச்சேன். இப்படி வளர்த்த வீடு இது.

அதைத் தண்ணியில குளிப்பாட்டக் கூடாது. நனைஞ்சா அந்த முடி லேசுல காயாது, பூஞ்சை பிடிச்சுடும். மாவு மாதிரி நைஸான ஒரு தூள் இருக்கு, அதுல புரண்டுதான் குளிக்கும். ஆரம்பத்துல தூள் தீர்ந்துபோன ஒரு நாள் மாமி சட்டி நிறையக் கடக்கரை மணலை அள்ளிட்டு வந்து, சல்லடையில ரெண்டு தடவை சலிச்சுக் குடுத்தாங்க. "நல்லா நைஸா சலிச்சுட்டேன்மா, பிள்ளையக் குளிக்கச் சொல்லு"ன்னாங்க. அதுல உப்பும் சிப்பித் தூளும் இருக்கு, ஆகாதுன்னு சொல்ல எனக்கு மனசே வரலை. அந்த அளவுக்கு வீடே அவன் மேல உசிரா இருக்கு.

சின்சில்லா கூட்டமா வாழுற உயிர். நல்லாப் பார்த்துக்கிட்டா 15 வருஷம், அதுக்கு மேலயும் இருக்கும். பஞ்சுவுக்கு அஞ்சு வயசுதான் ஆகுது. ராத்திரி கூண்டு மூலையில நின்னு ஒரு மாதிரிக் குரல் குடுப்பான். "துணை இல்லாமத்தான் கூப்பிடுறான்மா"ன்னு மகள் அழுவா. அங்கதான் நாங்க மாட்டினோம்.

எல்லாரும் படமும் வீடியோவும் போடுற ஒரு ஆப்புல, வெளிநாட்டுச் செல்லப்பிராணி விக்கிறதாச் சொல்ற ஒரு பக்கம். பேரு போடலை, போட்டா அதுக்கு வேற பிரச்சனை வரும்னு தம்பி சொல்லிட்டான். பெங்களூர்ல கடை இருக்காம். நல்லாத் தமிழ் பேசுற ஆளு.

நான் ஏன் நம்பினேன்னு சொல்றேன், கவனமாப் படிங்க. அவன் விலையிலயே ஆரம்பிக்கலை. என்னைத்தான் கேள்வி கேட்டான். "ரூம் எத்தனை டிகிரில வைக்கிறீங்க அக்கா?" 20, 22ன்னு சொன்னேன். "கடலோர ஊராச்சே, ஈரப்பதத்துக்கு என்ன பண்றீங்க? கரண்ட் போனா? என்ன புல்லு போடுறீங்க?" டிமோத்தி புல்லுன்னு சொன்னதும், "கரெக்ட் அக்கா, பல்லு வளர்ந்துக்கிட்டே இருக்கும், புல்லைக் கடிச்சாத்தான் தேயும். முந்திரி, திராட்சை, பழம்னு செல்லம் குடுத்துடாதீங்க"ன்னான். 1923ல சாப்மேன்னு ஒரு அமெரிக்கச் சுரங்க என்ஜினியர் சிலி மலையில இருந்து பத்துப் பன்னிரண்டு சின்சில்லாவை ஐஸ் வச்சுக் கப்பல்ல கலிபோர்னியாவுக்குக் கொண்டு போன கதையை அவனே சொன்னான். ரோமத்துக்காக வேட்டையாடியே அந்த மலையில இனமே அழியுற நிலைக்கு வந்துடுச்சுன்னு வருத்தமாச் சொன்னான். கடைசியா ஒண்ணு சொன்னான் பாருங்க. "ஏசி இல்லாத வீட்டுக்கு நான் தர்றதே இல்லை அக்கா. போன வாரம் தூத்துக்குடிக்காரர் ஒருத்தர் காசோட வந்தாரு, திருப்பி அனுப்பிட்டேன். உயிரு முக்கியம்."

அந்த ஒரு வார்த்தையில விழுந்துட்டேன். காசை வேணாம்னு சொல்ற வியாபாரி ஏமாத்துவானான்னு நெனச்சேன். அன்னைக்கு ராத்திரியே வீடியோ கால்ல காட்டினான். நெசமான சின்சில்லாதான். நீலத் துண்டு மேல உக்காந்து முன்னங்கை ரெண்டுலயும் புல்லைப் பிடிச்சுத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. வலது காது ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு. மகள் அந்த நிமிஷமே அதுக்குப் பூவுன்னு பேரு வச்சுட்டா. விலை 45,000, பஸ் செலவு 1,500. முழுசாப் போட்டாத்தான் பொங்கல் லீவு முடிஞ்சதும் முதல் பஸ்ல ஏத்த முடியும்னான். போட்டேன். 46,500.

அந்த வாரம் முழுக்க மகள் தூங்கலை. பஞ்சு கூண்டுக்குப் பக்கத்துல இன்னொரு கூண்டு வாங்கி வச்சோம். எடுத்ததும் ஒண்ணாப் போட்டா சண்டை போடும், பக்கத்துல பக்கத்துல வச்சு வாசனை பழக்கணும். இதையும் அவன்தான் ஞாபகப்படுத்தினான், சண்டாளன்.

விடியக்காலம் ராமநாதபுரத்துல ஆம்னி பஸ் நிக்கிற இடத்துக்கு நானும் தம்பியும் போனோம். கிளீனர் தம்பி டிக்கியில இருந்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியை எடுத்துக் குடுத்தாரு. டிக்கியில! ஏசிக்குள்ள வச்சு அனுப்புறேன்னு சொன்னவன். அங்கேயே ரோட்டோர லைட் வெளிச்சத்துல தம்பி கயித்தை அறுத்தான். முதல்ல கண்ணுல பட்டது ஒரு கேரட் துண்டு. அதைப் பார்த்ததுமே வயித்தைக் கலக்கிடுச்சு. சின்சில்லாவுக்கு யாரு கேரட் போடுவாங்க? அட்டையை விலக்கினா நீளமா ரெண்டு காது. சாம்பல் நிறம், அடிவயிறு வெள்ளை, உருண்டையாக் குட்டி வாலு. "லாத்தா, இது முயல்ல?"ன்னான் தம்பி. எனக்கு வாய் வரலை. உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தேன், வெள்ளை வெளேர்னு இருக்கு. சின்சில்லாவுக்கு நல்ல ஆரோக்கியமா இருந்தாப் பல்லு ஆரஞ்சு மஞ்சளா இருக்கும். அப்பவும் மனசு ஒத்துக்கலை. இன்னொரு தடவை பெட்டிக்குள்ள கையை விட்டுத் தேடினேன், வேற ஏதாச்சும் உள்ள இருக்குமோன்னு.

அங்கேயே நின்னு போன் போட்டேன். "பயணக் களைப்பு அக்கா, ரெண்டு நாள்ல சரியாயிடும்." நான் சொன்னதைக் கேட்கவே இல்லை. முயலை அனுப்பியிருக்கீங்கன்னு கத்தினேன். "குட்டியில அப்படித்தான் தெரியும், ரெண்டு நாள் பாருங்க"ன்னு வச்சுட்டான். மறுநாள் எடுக்கலை. மூணாம் நாள் எடுத்தவன் பேச்சே மாறிடுச்சு: "சின்சில்லான்னுதானே கேட்டீங்க? பில்லைப் பாருங்க." பில்லுல 'சின்சில்லா, பெண், 1' அவ்வளவுதான். "அது சின்சில்லா முயல்தான். இனத்தோட பேரே அதுதான்."

கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். டாக்டர் பார்த்ததுமே சொல்லிட்டாரு, சோவியத் சின்சில்லாங்கிற முயல் இனம், கறிக்காகவும் ரோமத்துக்காகவும் வளர்க்கிறது. கொடைக்கானல் மன்னவனூர்ல இருக்கிற மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்துல இதை வளர்க்கிறாங்களாம். ரோமம் சின்சில்லா நிறத்துல இருக்கிறதால அந்தப் பேரு. குட்டி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும்னாரு. சில நூறு ரூபாய் முயலுக்கு 46,500 ரூபாய். பேரு ஒண்ணா இருக்கிறதை வச்சு முன்கூட்டியே யோசிச்சுப் பில் போட்டிருக்கான். தெரியாம நடந்த தப்பு இல்லை இது.

அப்புறம் ஒரு பொண்ணு எடுத்தா, "ஓனர் ஊர்ல இல்லை மேடம்." இன்னொரு நாள் இன்னொருத்தன், "திருப்பி அனுப்புங்க, செக் பண்ணிட்டுச் சொல்றோம், அனுப்புற செலவு உங்களோடது, வழியில செத்தா நாங்க பொறுப்பில்லை." அதுக்கு மறுநாள் என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க. அந்த ஆப்புல புகார் குடுத்தேன், அந்தப் பக்கம் விதிகளை மீறலைன்னு ஒரே வரியில பதில். பேங்க்ல, "நீங்களே பின் போட்டு அனுப்பினதும்மா, நாங்க என்ன செய்ய முடியும்?" ஸ்டேஷன்ல எழுதி வாங்கினாங்க, ஆனா அங்க இருந்த ஒருத்தர், "எலிக்கு யாராச்சும் அம்பதாயிரம் குடுப்பாங்களா?"ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சாரு. என் மகள் பக்கத்துல நின்னா. அந்தச் சிரிப்பை அவ மறக்க மாட்டா.

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் நெனச்சேன். இப்ப அதுக்குத் தெம்பு இல்லை. சுருக்கமாச் சொல்றேன். நேர்ல போய்க் கையில தூக்கிப் பார்க்காம ஒரு ரூபாய் குடுக்காதீங்க. வீடியோவுல காட்டுறது உங்களுக்கு வரப்போற உயிர்னு நம்பாதீங்க. செல்லப்பிராணிக் கடைக்கு 2018 விதிப்படி மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு இருக்கணும், அந்த நம்பரைக் கேளுங்க, நான் கேட்கலை. பில்லுல விலங்கோட பேரை முழுசா எழுதச் சொல்லுங்க. ஏமாந்துட்டோம்னு தெரிஞ்ச நிமிஷமே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்குப் போன் போடுங்க. 'ரெண்டு நாள் பாருங்க'ன்னு அவன் சொன்னதை நம்பி மூணு நாளை விட்டேன், அதுக்குள்ள அந்தக் கணக்குல இருந்து பணத்தை எடுத்துட்டாங்கன்னு சொல்றாங்க. 1915ல நுகர்வோர் புகாரும் பதிவு பண்ணியிருக்கேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் இல்லையாம், திங்கக்கிழமை ராமநாதபுரம் போறோம்.

அந்த முயலை நாங்க விரட்டலை. அது என்ன பாவம் பண்ணுச்சு? வந்த அன்னைக்கு ஒரு கிண்ணம் தண்ணியை மூச்சு விடாமக் குடிச்சுது. பஞ்சுகூட ஒண்ணா வைக்காதீங்கன்னு டாக்டர் சொன்னதால அடுப்படிக்குப் பின்னாடி நிழல்ல வச்சிருக்கோம். மாமிதான் அகத்திக்கீரை ஒடிச்சுப் போடுறாங்க. மகள் இன்னும் கிட்டப் போகலை. பஞ்சு பக்கத்துல அந்தப் புதுக்கூண்டு காலியாவே நிக்குது.

நீலத் துண்டு மேல உக்காந்திருக்கிற சாம்பல் நிறச் சின்சில்லா, வலது காது ஓரத்துல ஒரு வெட்டு. அதே வீடியோ உங்க யாருக்காவது வந்திருந்தா பணம் போடாதீங்க. ஏற்கெனவே போட்டு ஏமாந்திருந்தாக் கீழ ஒரு வார்த்தை எழுதுங்க, என் புகாரோட உங்க புகாரையும் சேர்த்துக் குடுக்கலாம்.