கருப்பு ஐரிஸா, வெள்ளை ஊமத்தையா?

அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் வரைந்த பெரிய மலரோவியங்களில் ஒன்றின் அச்சுப் பிரதியை வீட்டில் மாட்ட விரும்புவோர், பெரும்பாலும் 1926இல் வரையப்பட்ட 'கருப்பு ஐரிஸ்', 1932இல் வரையப்பட்ட 'ஜிம்சன் வீட்' (வெள்ளை ஊமத்தை) ஆகிய இரண்டுக்கும் இடையே தயங்குகிறார்கள்.

அளவு: நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஐரிஸ் சுமார் 91 செ.மீ. உயரம், ஆர்கன்சாஸ் கிறிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஊமத்தை சுமார் 122 செ.மீ. கைக்குள் அடங்கும் பூவை இவ்வளவு பெரிதாக்கியதுதான் ஓ'கீஃபின் சாதனை என்பதால், இரண்டையுமே சிறிய பிரதியாக வாங்குவது வீண்.

வண்ணம்: ஐரிஸின் மேலிதழ்கள் சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்து புகைபோல் மேலெழ, கீழிதழ்கள் கருஞ்சிவப்பிலிருந்து கருப்புக்குள் இறங்குகின்றன. அந்த இறக்கத்தில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. மலிவான அச்சில் அது வெறும் கருந்திட்டாகிவிடும். ஊமத்தையில் ஒற்றை வெண்பூ நம்மை நேராகப் பார்த்து விரிந்திருக்கிறது. பச்சை இலைகளின் பின்னணியில் இதழ்விளிம்பு தெளிவாகத் தெரிவதால், சுமாரான அச்சையும் அது தாங்கும். நம் வேலியோர ஊமத்தையின் இனத்தைச் சேர்ந்த இந்த நச்சுச்செடியை ஓ'கீஃப் நியூ மெக்சிகோவில் கண்டார்.

வெளிச்சம்: ஊமத்தைக்கு எந்தச் சுவரும் பொருந்தும். ஐரிஸுக்கு நல்ல ஒளி வேண்டும். கண்ணாடிச் சட்டமிட்டால் அதன் கருமையில் நம் முகமே தெரியும்.

கூடத்தில் பலரும் பார்க்க மாட்டுவோர் ஊமத்தையை எடுத்துக்கொள்ளலாம். தரமான அச்சுக்குச் செலவிட்டு, தனியே நெடுநேரம் பார்த்திருக்க விரும்புவோருக்கு ஐரிஸே ஏற்றது; என் தேர்வும் அதுதான்.